மார்பகப் புற்றுநோய்: சிகிச்சைக் காலத்தில் தன்னார்வலர்களின் துணை

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான நாளில் மருத்துவர் ஒரு பெண்ணிடம் விளக்குபவை கட்டியின் அளவு, நோயின் நிலை, அறுவைச் சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவை. வீடு திரும்பும் பேருந்தில் அவர் மனத்தில் எழும் கேள்விகள் வேறு. இத்தனை மாதம் வீட்டில் யார் சமைப்பார்கள்? முடி கொட்டினால் அக்கம்பக்கத்தாரிடம் என்ன சொல்வது? மகளுக்குப் பேசி வரும் வரன் கைநழுவிப் போகுமா? நான் இல்லாவிட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? இந்தக் கேள்விகளுக்கு மருந்துச் சீட்டில் இடமில்லை. இவற்றைக் காதுகொடுத்துக் கேட்டு, தீர்க்கக்கூடியவற்றைத் தீர்த்துவைக்கும் பணியைத் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். முன்பு இதே நோயிலிருந்து மீண்ட பெண்கள், பயிற்சி பெற்ற பொதுமக்கள், மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் எனப் பல தரப்பினரும் இவர்களில் உண்டு.

அவர்கள் எதைச் செய்ய இயலும், எதைச் செய்யக் கூடாது, அவர்களை எவ்வாறு அணுகுவது என்பவற்றை நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் இக்கட்டுரை விளக்குகிறது.

சிகிச்சையை முடிப்பதே பெரும் சவால்

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 98,000 பேர் இதனால் உயிரிழந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு கூறுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பு மூன்று இலக்குகளை வகுத்துள்ளது. நோயாளிகளில் குறைந்தது 60 விழுக்காட்டினருக்கு நோயைத் தொடக்க நிலையிலேயே கண்டறிய வேண்டும். முதன்முதலில் மருத்துவமனைக்கு வந்த 60 நாட்களுக்குள் நோயை உறுதிசெய்ய வேண்டும். குறைந்தது 80 விழுக்காட்டினர் தமக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும்.

மூன்றாவது இலக்கு எளிதாகத் தோன்றலாம். உண்மையில் அது அவ்வளவு எளிதன்று. சிகிச்சையின் நாட்காட்டியைப் பார்த்தாலே இது புரியும். கீமோதெரபி பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, நான்கு முதல் எட்டுச் சுற்றுகள் வரை அளிக்கப்படுகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் மூன்று முதல் ஐந்து வாரங்கள் வரை மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கும். கட்டியின் வகையைப் பொறுத்துச் சிலருக்கு ஓராண்டு ஊசி மருந்து தொடரும். ஹார்மோன் சார்ந்த கட்டி உள்ளவர்கள் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டும்.

மலையடிவாரக் கிராமம் ஒன்றில் வாழும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவர் நூறு நாள் வேலைக்குச் செல்பவர். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது, கட்டியை எடுத்தாயிற்று, வலியும் இல்லை. இந்நிலையில் எண்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குத் தொடர்ந்து நான்கு வாரம் கதிர்வீச்சுக்கு வரச் சொல்கிறார்கள். மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது? உடன் வரும் கணவரின் கூலிக்கு என்ன செய்வது? தங்குவது எங்கே? 'கட்டிதான் போய்விட்டதே' என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், சிகிச்சை அங்கேயே நின்றுவிடும். பாதியில் விடுபவர்கள் எல்லோரும் அறியாமையால் விடுவதில்லை. பலருக்கு அது வீட்டுக் கணக்கின் விளைவு. அந்தக் கணக்கைச் சற்றே மாற்றியமைக்க முடிந்தால் சிகிச்சை தொடரும். தன்னார்வலரின் துணை உயிர்காக்கும் துணையாக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த மரபு எவ்வாறு தொடங்கியது

தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறே பெண்களின் தன்னார்வப் பணியோடு பிணைந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அப்போது அங்கிருந்தவை 12 படுக்கைகள் மட்டுமே. இந்நோய்க்குச் சிகிச்சை அளிப்பதே வீண் என்று படித்தவர்களும் எண்ணிய காலம் அது. அவ்வெண்ணத்தை மாற்றியதில் மருத்துவர்களுக்கு நிகரான பங்கு, உண்டியல் ஏந்தி நிதி சேர்த்த மாதர் சங்கப் பெண்களுக்கும் உண்டு.

நோயிலிருந்து மீண்ட பெண்ணே புதிய நோயாளிக்குத் துணையாவது என்ற முறை பரவலாவதற்கு வழிவகுத்தவர் அமெரிக்காவின் டெரீஸ் லாசர். 1952இல் நியூயார்க்கில் இவருக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. கையை எவ்வாறு அசைப்பது, எந்த உள்ளாடையை அணிவது, கணவரிடம் எவ்வாறு பேசுவது என்று எதையும் எவரும் தமக்குச் சொல்லவில்லை என்பதை உணர்ந்த அவர், அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த பிற பெண்களை நேரில் சென்று காணத் தொடங்கினார். தற்காலிகச் செயற்கை மார்பகம் ஒன்றும், கைப் பயிற்சிக்கான எளிய பொருட்களும் அவருடைய பையில் இருக்கும். மருத்துவர் அல்லாத ஒருவர் படுக்கையருகே வந்து பேசுவதை அக்காலத்து அறுவை மருத்துவர்களில் சிலர் விரும்பவில்லை. 'மீட்சியை நோக்கி' எனப் பொருள்படும் பெயரில் அவர் தொடங்கிய அந்தப் பணி 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துடன் இணைந்தது. பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது.

இதே வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், தமது புற்றுநோய் அனுபவத்தை 1980இல் நூலாக எழுதினார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தம்மைக் காண வந்த தன்னார்வலர், வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு செயற்கை மார்பகப் பஞ்சைக் கொடுத்து, இதை வைத்துக்கொண்டால் யாருக்கும் வேறுபாடு தெரியாது என்று அன்போடு கூறியதை அதில் அவர் நினைவுகூர்கிறார். அந்த நிறம் அவருடைய தோலின் நிறமன்று. அதைவிட முக்கியமாக, வேறுபாடு தெரியாமல் மறைத்துக்கொள்வது அவருடைய விருப்பமும் அன்று. வந்தவரின் நல்லெண்ணத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால் எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இன்று தன்னார்வலர்களுக்கு அளிக்கும் பயிற்சியில் 'முதலில் கேளுங்கள்' என்பது வலியுறுத்தப்படுவதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

துணைக் குழுக்களால் ஆயுள் கூடுமா?

இக்கேள்விக்கு நேர்மையான விடை நோயாளிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலும் அவருடைய குழுவினரும் 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய 86 பெண்கள் அதில் பங்கேற்றனர். வாரந்தோறும் கூடி மனம்விட்டுப் பேசிய குழுவினர் சராசரியாக 36.6 மாதங்களும், அவ்வாறு கூடாதவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்ததாக ஆய்வு தெரிவித்தது. இந்தச் செய்தி உலகெங்கும் பெரும் நம்பிக்கையை விதைத்தது. ஆனால் 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில் ஆயுள் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2007இல் ஸ்பீகலே தமது ஆய்வை மீண்டும் நடத்தியபோதும் முதலில் கண்ட பலன் உறுதிப்படவில்லை.

கனடா ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. குழுவில் பங்கேற்ற பெண்களுக்கு, குறிப்பாகத் தொடக்கத்தில் மிகுந்த மனத்துயரில் இருந்தவர்களுக்கு, மனச்சோர்வும் வலியின் உணர்வும் குறைந்தன. வலி குறைவாக உணரப்படுவதும், இரவில் உறங்க முடிவதும் சிறிய பலன்கள் அல்ல. எனினும், 'மனவுறுதி இருந்தால் நோய் போய்விடும்' என்று ஒரு நோயாளியிடம் எவரும் சொல்வது சரியன்று. நோய் மீண்டும் வந்தால், தம் மனவுறுதி போதவில்லை என்று அவர் தம்மையே நொந்துகொள்ள அது இடமளித்துவிடும். நோயைக் குணப்படுத்துவது மருத்துவச் சிகிச்சை. அச்சிகிச்சையைத் தாங்கிக்கொள்ளவும் முடிக்கவும் துணைநிற்பதே தன்னார்வலரின் பங்கு.

தன்னார்வலர் எவற்றில் உதவலாம்

அறுவைச் சிகிச்சைக்குப் பின் பல பெண்கள் மார்பின் பக்கத்தில் ஒரு வடிகுழாயுடன் வீடு திரும்புகிறார்கள். குழாயில் சேரும் நீரை நாள்தோறும் அளந்து எழுதிவர வேண்டும்; நீரின் அளவு குறைந்தபின் மருத்துவர் குழாயை அகற்றுவார். இதைப் பற்றிச் செவிலியர் சொல்லியிருப்பார். ஆயினும் அந்தக் குழாயைச் சேலைக்குள் எங்கே செருகுவது, எந்தப் பக்கம் படுத்து உறங்குவது, முன்பக்கம் திறக்கும் தளர்வான ரவிக்கை ஏன் வசதியானது என்பனவற்றை அதைச் சுமந்து வாழ்ந்த ஒரு பெண் சொல்லும்போது அச்சம் விலகுகிறது. கையைத் தூக்கினால் தையல் பிரிந்துவிடும் என்று அஞ்சிக் கையை உடலோடு ஒட்டியே வைத்திருப்பவர்கள் ஏராளம். அவ்வாறு இருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ கற்றுத்தந்த பயிற்சியை, அவர்கள் அனுமதித்த அளவில், உடனிருந்து செய்யவைப்பது தன்னார்வலர் செய்யக்கூடிய நல்ல உதவி. சுவரில் விரல்களால் மெல்ல மேலேறிச் செல்லும் பயிற்சியில், இன்று விரல் எட்டிய இடத்தைச் சாக்கட்டியால் குறித்துவைத்தால் ஒரு வாரத்தில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவர்களுக்கும், அவ்விடத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் அந்தப் பக்கத்துக் கையில் வீக்கம் ஏற்படலாம். இது சில மாதங்கள் கழித்தோ சில ஆண்டுகள் கழித்தோகூட வரலாம். வளையல் கழற்ற வராமல் போவது, மோதிரம் இறுகுவது, ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிப்பது, கை கனப்பது ஆகியவை தொடக்க அறிகுறிகள். தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டினால் கட்டுப்படுத்துவது எளிது. கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செயற்கை மார்பகம் அணிவது ஒவ்வொருவரின் விருப்பம். ஒரு பக்க எடை குறைந்ததால் தோளும் முதுகும் சாய்வதாக உணர்பவர்களுக்கு அது உடல் வசதிக்கும் பயன்படும். காயம் முழுமையாக ஆறும்வரை எடையற்ற மென்மையான ஒன்றையே அணிய வேண்டும். பருத்தி நூலில் பின்னிய இவ்வகைச் செயற்கை மார்பகங்களை இந்தியாவில் தன்னார்வப் பெண்கள் பின்னி இலவசமாகவே அளித்துவருகிறார்கள். உள்ளாடையின் உட்புறத்தில் ஒரு துணிப்பை தைத்துக்கொண்டால் அது நழுவாமல் இருக்கும்; இதை உள்ளூர்த் தையல்காரரே செய்து தர முடியும்.

கீமோதெரபிக் காலத்தில் தேவைப்படும் உதவி வேறு வகையானது. முதல் சுற்று முடிந்து இரண்டு அல்லது மூன்று வாரங்களில் முடி கொட்டத் தொடங்குவது வழக்கம். சிகிச்சை முடிந்தபின் மீண்டும் வளரும். இதை முன்கூட்டியே அறிந்து முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்பவர்களுக்கு அதிர்ச்சி சற்றுக் குறைகிறது. இதைவிட அவசரமான ஒன்று உண்டு. கீமோதெரபிக்குப் பின் ஒன்று, இரண்டு வாரங்களில் இரத்த வெள்ளணுக்கள் குறைந்து, உடலின் எதிர்ப்பாற்றல் தாழ்ந்திருக்கும். அந்நாட்களில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் சென்றால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலைவரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கிறதா, அதைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் உடனிருக்கிறாரா, இரவில் வாகனத்திற்கு யாரை அழைப்பது என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது தன்னார்வலரின் கடமைகளில் ஒன்று.

கதிர்வீச்சுச் சிகிச்சையைக் கிராமங்களில் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அந்தச் சொல்லே மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்ற அச்சத்தைத் தருகிறது. மார்பகத்திற்கு வெளியிலிருந்து அளிக்கப்படும் கதிர்வீச்சு, படம் எடுப்பதைப் போலச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அப்போது வலி இருக்காது. நாட்கள் செல்லச் செல்லத் தோல் கறுத்து எரிச்சல் ஏற்படலாம், சோர்வு மிகும். இந்தச் சிகிச்சை பெறுபவர் அருகில் குழந்தைகள் இருக்கலாமா என்று பலர் தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாக இருக்கலாம். புற்றுநோய் தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்பதாலும், பிள்ளையை மடியில் கிடத்துவதாலும் பரவாது.

இவை தவிர, எவர் கண்ணிலும் படாத ஓர் உதவி உண்டு. அது தாள்களைச் சேர்த்து வைப்பது. திசுப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் படங்கள், வெளியேற்றச் சுருக்கம், மருந்துச் சீட்டுகள் அனைத்தும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் இருந்தால் பாதி அலைச்சல் குறையும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுக வேண்டும். சிகிச்சைக்காக இரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையின் சான்று பெற வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் நடைமுறையில் உள்ளது. இந்த அலுவலகப் பணிகளில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு நாள் உடன் வந்தால் போதும். நோயாளியின் குடும்பத்திற்குப் பல நாள் கூலி மிஞ்சும்.

இரகசியம் காப்பது

சிற்றூர்களில் தன்னார்வலரும் நோயாளியும் ஒரே தெருவினராக இருப்பது இயல்பு. அது வசதி, அதுவே அச்சத்திற்கும் காரணம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஊருக்குப் புதியவர்கள் அல்லர். தம் மார்பில் ஒரு கட்டி இருப்பதை அவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு பெண் தயங்கினால், அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. தாய்க்குப் புற்றுநோய் என்ற பேச்சு எழுந்தால் மகளின் திருமணம் தடைப்படும் என்பது பல குடும்பங்களின் உண்மையான கவலை. இக்கவலையாலேயே கட்டியை மாதக்கணக்கில் மறைத்து, நோய் முற்றிய பின் வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணு மாற்றத்தால் வருபவை ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. தாய்க்கு வந்தால் மகளுக்கும் வந்தே தீரும் என்பது தவறான எண்ணம். இளவயதில் நோய் வந்திருந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ மரபணு ஆலோசனை தேவையா என மருத்துவரிடம் கேட்டறியலாம்.

தன்னார்வலரிடம் நீங்கள் சொல்லும் எதுவும் உங்கள் அனுமதியின்றி வெளியே செல்லக் கூடாது. உங்கள் கணவரிடமோ மாமியாரிடமோகூட அவர் சொல்லக் கூடாது. வீட்டில் வைத்துப் பேச விருப்பம் இல்லையென்றால், மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சந்திக்கலாம் என்று சொல்லலாம். பக்கத்து ஊரைச் சேர்ந்த தன்னார்வலர் வேண்டும் என்று கேட்பதும் தவறன்று. எந்நிலையிலும் 'வேண்டாம்' என்று மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனால் உங்கள் சிகிச்சைக்கு எந்தப் பாதிப்பும் நேராது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

தன்னார்வலர் மருத்துவர் அல்லர். 'எனக்கு இந்த மருந்துதான் கொடுத்தார்கள், உங்களுக்கு ஏன் வேறு?' என்று ஒப்பிடுவது தேவையற்ற குழப்பத்தை விளைவிக்கும். மார்பகப் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. அடுத்த படுக்கைப் பெண்ணின் சிகிச்சை உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. சிகிச்சையை நிறுத்தச் சொல்பவர், குறிப்பிட்ட மூலிகையோ பொடியோ புற்றுநோயைக் கரைக்கும் என்று விற்பவர், உங்கள் படத்தைக் காட்டிப் பணம் திரட்ட முன்வருபவர், உதவிக்குக் கட்டணம் கேட்பவர் ஆகியோரைத் தன்னார்வலர் என்று கருத வேண்டாம். அத்தகையோர் குறித்து மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரிடம் உடனே தெரிவியுங்கள். ஏற்கெனவே நாட்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மருந்துகள் கீமோதெரபியுடன் சேரும்போது தீங்கு விளையலாம்.

பராமரிக்கும் குடும்பத்தினருக்கு

உதவி கேட்பது பல குடும்பங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. உதவ முன்வருபவர்களும் 'ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஏதாவது என்பதற்கு விடை சொல்வது கடினம். எனவே தேவைகளை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் நாளில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஒருவர், வாரம் இரண்டு வேளை சமைத்துத் தர ஒருவர், நியாயவிலைக் கடைக்குச் செல்ல ஒருவர் எனப் பிரித்துச் சொன்னால் உறவினர்களும் அண்டை வீட்டாரும் மனமுவந்து ஏற்பார்கள்.

சமைத்துத் தருபவர்களுக்கு ஒரு குறிப்பு. கீமோதெரபி நாட்களில் தாளிக்கும் வாசனையே சிலருக்குக் குமட்டலைத் தரும். வாயில் புண் இருந்தால் காரம் எரியும். குழைந்த சாதம், பருப்பு, இட்லி, நன்கு வெந்த முட்டை போன்றவற்றைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுப்பது நல்லது. எதிர்ப்பாற்றல் குறைந்த நாட்களில் வெளியில் வெட்டிவைத்த பழங்களையும் திறந்தவெளியில் விற்கும் உணவையும் தவிர்க்க வேண்டும்.

கணவர்மார்களில் பலர் அலுவலகப் படிவங்கள், பணம், வாகனம் என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். மனைவியின் அருகே அமர்ந்து பேசுவதற்கு மட்டும் அஞ்சுவார்கள். தழும்பைப் பார்க்க நேருமோ என்ற தயக்கம் இருபுறமும் இருக்கும். இதைப் பற்றிப் பேச ஆண் பராமரிப்பாளர் ஒருவரின் துணை தேவைப்படலாம். அவ்வாறு ஒருவர் இருக்கிறாரா என்று மருத்துவ சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். பராமரிப்பவருக்கும் உறக்கமும், வாரத்தில் அரை நாளேனும் ஓய்வும் தேவை. அந்த அரை நாள் நோயாளியுடன் இருப்பதற்குத் தன்னார்வலரை அழைக்கத் தயங்க வேண்டாம்.

நோய் பரவிய நிலையில்

துணைக் குழுக்களில் பெரும்பாலும் 'வென்றுவிட்டோம்' என்ற பேச்சே ஓங்கி ஒலிக்கும். நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிய ஒரு பெண் அங்கே வாய்திறக்க முடியாமல் அமர்ந்திருப்பார். அவருக்கு வேண்டியது வேறு வகைத் துணை. இத்தகையோருக்கெனத் தனியே கூடும் குழு இருந்தால் அதுவே பொருத்தம். இல்லையெனில், தமக்கு விருப்பமான ஒரே தன்னார்வலருடன் தனியாகப் பேசுவது நல்லது. பரவிய நோயையும் மருந்துகளால் ஆண்டுக்கணக்கில் கட்டுப்படுத்த முடிந்தவர்கள் உண்டு என்பதையும் இங்கே கூற வேண்டும்.

வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை என்பது இறுதி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. வலி எப்போது தொடங்குகிறதோ அப்போதே அதை நாடலாம். இத்துறையில் அண்டை மாநிலமான கேரளம் காட்டிய வழி குறிப்பிடத்தக்கது. 1993இல் கோழிக்கோட்டில் சிறிய அளவில் தொடங்கிய பணி, பின்னர் மலப்புறம் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊர்மக்களே பயிற்சி பெற்று, தம் பகுதி நோயாளிகளை வாரந்தோறும் வீட்டில் சென்று காணும் இயக்கமாக வளர்ந்தது. ஆசிரியர்களும் கடைக்காரர்களும் மாணவர்களும் அதில் இருந்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையையே அறிவித்தது. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் தேவைப்படும் நோயாளிகளின் வீட்டிற்கே வருகிறார்கள். இதற்கு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும்.

நீங்களும் தன்னார்வலராக விரும்பினால்

சிகிச்சை முடிந்த உடனே பிறருக்கு உதவ வேண்டும் என்ற உந்துதல் பலருக்கு எழுகிறது. குறைந்தது ஓராண்டேனும் கடந்தபின் தொடங்குவது நல்லது. உங்கள் காயம் மனத்தளவிலும் ஆற வேண்டும். இல்லையெனில் பிறர் அழும்போது உங்கள் நினைவுகளே உங்களை வருத்தும். நோய் வராதவர்களும் தன்னார்வலராகலாம். மருத்துவமனையோ நம்பகமான அமைப்போ அளிக்கும் பயிற்சியை முடித்த பிறகே நோயாளிகளைக் காண வேண்டும். காணும்போது உங்கள் கதையை முதலில் தொடங்காதீர்கள். அவர் கேட்டால் சொல்லுங்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற வாக்குறுதியை அளிக்காதீர்கள். சில நேரங்களில் அவர் ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல் இருப்பார். அப்போதும் உடனிருப்பதே உங்கள் பணி.

யாரை அணுகுவது

நீங்கள் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரையோ, புற்றுநோய்ப் பிரிவின் செவிலியரையோ முதலில் கேளுங்கள். அங்கு வந்துசெல்லும் தன்னார்வலர்கள், நோயாளிகளும் உடனிருப்பவர்களும் தங்குவதற்கான இடங்கள், துணைக் குழு கூடும் நாட்கள் ஆகியவை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சொந்த ஊரில் உதவி தேவையெனில் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் அணுகலாம். அரசு மருத்துவத் திட்டங்கள் பற்றிய ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். உறக்கமின்மை, தொடர் அழுகை, வாழ்வதில் விருப்பமின்மை போன்றவை இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நோயாளி மட்டுமன்றி அவரைப் பராமரிப்பவரும் அழைக்கலாம். கீமோதெரபிக் காலத்தில் காய்ச்சலோ, மூச்சுத்திணறலோ, நிற்காத இரத்தக்கசிவோ ஏற்பட்டால் தன்னார்வலரின் வருகைக்காகக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.